படுத்தா மறையுது, நின்னா வருது... தொடை இடுக்கில் வீக்கமா? குடலிறக்கத்தில் எப்போ காத்திருக்கலாம், எப்போ உடனே ஓடணும்?

குளிக்கும்போதுதான் பெரும்பாலும் கையில் தட்டுப்படும். அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில், ஒரு பக்கமாக, மெத்தென்று ஒரு புடைப்பு. வலி பெரிதாக இருக்காது. படுத்தால் காணாமல் போய்விடும். அதனாலேயே 'சூட்டுக் கட்டி', 'வாயு', 'நெறி கட்டியிருக்கு' என்று ஏதோ ஒன்றை நினைத்து விட்டுவிடுகிறார்கள். இடம் அப்படிப்பட்டது என்பதால் வீட்டில்கூட வாய்திறப்பதில்லை. வேட்டியையோ லூஸ் பேன்ட்டையோ வைத்து வருஷக்கணக்கில் சமாளிப்பவர்கள் உண்டு.

இதற்குப் பெயர் இங்குவினல் ஹெர்னியா. தமிழில் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் வரும் ஹெர்னியாக்களில் நாலில் மூணு இந்த வகைதான். ஆண்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. பெண்களில் 100-க்கு 3 பேர் அளவுக்கு. உலகம் முழுக்க வருஷத்துக்கு 2 கோடிக்கும் அதிகமான ஆபரேஷன்கள் இதற்காக நடக்கின்றன. மறைத்து வைக்க வேண்டிய அளவுக்கு அபூர்வமான நோய் இல்லை.

சரி, ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா? பெல்ட் போட்டா போதாதா? எப்போ ஆபத்து? விரிவாகப் பார்ப்போம்.

உள்ளே என்னதான் நடக்குது?

சைக்கிள் டயரில் ஒரு இடம் தேய்ந்து கிழிந்தால் உள்ளே இருக்கும் ட்யூப் அந்த இடத்தில் பிதுங்கும் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். வயிற்றின் முன்பக்கம் தசையும் உறுதியான சவ்வும் சேர்ந்த ஒரு சுவர். அதில் பலவீனமான ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. நிற்கும்போதும், இருமும்போதும், முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். அப்போது பிதுங்கும். படுத்தால் அழுத்தம் குறைந்து உள்ளே போய்விடும்.

அந்த இடம் ஏன் பலவீனமாக இருக்கிறது என்பதற்குப் பிறப்புக்கு முன்பே காரணம் இருக்கிறது. ஆண் கருவின் விதைகள் முதலில் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் சில மாதங்களில் அவை மெல்ல இறங்கி விதைப்பைக்கு வருகின்றன. வரும் வழியில் வயிற்றின் உள்சவ்வையும் ஒரு பை மாதிரி கூடவே இழுத்து வருகின்றன. பின்னர் அந்தப் பை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடுவதில்லை. வலது விதை கொஞ்சம் தாமதமாக இறங்குவதால் வலது பக்கம்தான் ஹெர்னியா அதிகம்.

மூடாத அந்தப் பழைய வழியாக வருவது ஒரு வகை. குழந்தைக்கும் வரும், இருபது முப்பது வயதிலும் தலைகாட்டும். வயதாக ஆக வயிற்றுச் சுவரே நைந்துபோய் நேராகப் பிதுங்குவது இன்னொரு வகை. வைத்தியத்தைப் பொறுத்தவரை பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம் இல்லை.

வெளியே வருவது எப்போதும் குடலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் கொழுப்புதான். 1735-ல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற சர்ஜன் 11 வயதுச் சிறுவனின் ஹெர்னியாவைத் திறந்தபோது உள்ளே இருந்தது குடல்வால். விழுங்கிய ஊசி ஒன்று அதைத் துளைத்திருந்தது. குடல்வாலை வெற்றிகரமாக வெட்டி எடுத்ததாகப் பதிவான முதல் ஆபரேஷன் அதுதான் என்கிறார்கள். பையன் பிழைத்துக்கொண்டான்.

வெயிட் தூக்கினதாலதான் வந்துச்சா?

'ஒரு மூட்டையைத் தூக்கினேன், அன்னைக்கே வந்துடுச்சு' என்று சொல்பவர்கள் அதிகம். தூக்கிய அன்று வெளியே தெரிந்திருக்கலாம். ஆனால் பலவீனம் அதற்கு முன்பே இருந்திருக்கும். வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கியும் வராதவர்கள் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வேலை பார்த்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் வாய்ப்பு கூடும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் கூடும். சிகரெட், பீடி இரண்டு விதத்தில் கெடுதல். தீராத இருமலைக் கொண்டுவருகிறது, திசுக்களின் உறுதியையும் குறைக்கிறது.

வயதானவர்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 65 வயதுக்காரருக்குப் புதிதாக ஹெர்னியா வந்தால், அவர் எதற்காக முக்குகிறார் என்று பார்க்க வேண்டும். ப்ராஸ்டேட் வீங்கி சிறுநீர் கஷ்டப்பட்டு வருகிறதா? திடீரென மலச்சிக்கல் ஆரம்பித்து, எடை குறைந்து, மலத்தில் ரத்தமும் போகிறதா? நாள்பட்ட இருமலுக்குப் பின்னால் டிபியோ ஆஸ்துமாவோ இருக்கிறதா? இதைப் பார்க்காமல் ஹெர்னியாவை மட்டும் தைத்து அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஸ்கேனை விட டாக்டரின் கைதான் இங்கே முக்கியம். நிற்க வைத்துப் பார்ப்பார். இருமச் சொல்வார். விரலை வைத்து அந்த இடம் தள்ளுகிறதா என்று பார்ப்பார். பிறகு படுக்க வைத்து உள்ளே போகிறதா என்று பார்ப்பார். இரண்டு பக்கமும் பரிசோதிப்பார், ஏனென்றால் மறுபக்கத்திலும் சின்னதாக ஒன்று இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே விஷயம் முடிந்துவிடும். படுக்க வைத்து மட்டும் பார்த்துவிட்டு 'ஒண்ணுமில்ல' என்று சொன்னால், 'நின்னா வருது டாக்டர்' என்று நோயாளி தயங்காமல் சொல்ல வேண்டும்.

வலி இருக்கிறது, வீக்கம் தெரியவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதிலும் தெளிவில்லை என்றால் சிடி அல்லது எம்ஆர்ஐ. குண்டானவர்களுக்கும், ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் ஸ்கேன் உதவும்.

தொடை இடுக்கில் வரும் எல்லா வீக்கமும் ஹெர்னியா கிடையாது. காலில் புண்ணோ தொற்றோ இருந்தால் நெறி கட்டும். அது இருமினால் பெரிதாகாது, படுத்தால் மறையாது. விதைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசிலை ஊர்ப்பக்கம் ஓதம் என்பார்கள், யானைக்கால் நோயாலும் அது வரும். ஹைட்ரோசில் என்றால் வீக்கத்துக்கு மேலே விரலால் பிடித்துப் பார்க்க முடியும். ஹெர்னியா என்றால் வீக்கம் வயிற்றுக்குள்ளிருந்தே தொடர்ந்து வருவதால் மேல் விளிம்பு கைக்குக் கிடைக்காது.

எந்த அறிகுறி வந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படிக்கலாம்.

இத்தனை நாள் உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் திடீரென உள்ளே போகவில்லை. கல் மாதிரி கெட்டியாகிவிட்டது. தொட்டாலே வலிக்கிறது. கூடவே வாந்தி, வயிறு உப்புசம், மலமும் வாயுவும் பிரியவில்லை. வீக்கத்தின் மேல்தோல் சிவந்தோ கறுத்தோ போகிறது. காய்ச்சலும் வரலாம். இதெல்லாம் ஒன்றாக வரும் வரை காத்திருக்கக் கூடாது. வலியோடு உள்ளே போகாமல் நின்றுவிட்டாலே போதும், கிளம்பிவிட வேண்டும்.

காரணம் எளிது. குறுகலான வாசலில் குடல் மாட்டிக்கொண்டால் முதலில் அது வீங்கும். வீங்க வீங்க ரத்த ஓட்டம் நெரிபடும். ரத்தம் போகாத குடல் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பித்துவிடும். அதற்குள் ஆபரேஷன் நடந்தால் குடலை உள்ளே தள்ளி ஓட்டையை அடைப்பதோடு முடியும். தாமதமானால் அழுகிய குடலை வெட்டி எடுத்து இணைக்க வேண்டிவரும். உயிருக்கும் ஆபத்து.

அந்த நேரத்தில் வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தடவி உருவிவிடுவது, முரட்டுத்தனமாக உள்ளே அமுக்குவது எதுவும் வேண்டாம். நெரிபட்ட குடல் கிழிந்துபோகலாம். வாந்தி எடுப்பவருக்குக் கசாயமோ கஞ்சியோ கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது. 108-ஐக் கூப்பிட்டு, சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைவிட தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு நேரே போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வலியே இல்லையே, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?

பெரியவர்களுக்கு வரும் ஹெர்னியா தானாக மூடாது. மாத்திரையாலும் மூடாது, லேகியத்தாலும் மூடாது. 'ஆபரேஷன் இல்லாமல் கரைத்துவிடுவோம்' என்று வரும் விளம்பரங்கள் எந்தப் பெயரில் வந்தாலும் இதுதான் பதில். அது கட்டி இல்லை, கரைவதற்கு. ஓட்டை.

ஆனால் 'இன்னைக்கே பண்ணலைன்னா உயிருக்கு ஆபத்து' என்று எல்லோரையும் பயமுறுத்துவதும் சரியில்லை. அமெரிக்காவில் அறிகுறி பெரிதாக இல்லாத 720 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு குழுவுக்குக் காத்திருந்து கவனிப்பது என்று ஒரு ஆய்வு நடந்தது. 2006-ல் முடிவுகள் வெளியாயின. காத்திருந்தவர்களில் குடல் மாட்டிக்கொள்ளும் அவசர நிலை, 1,000 பேரை ஒரு வருஷம் கவனித்தால் இரண்டு பேருக்கும் குறைவாகவே வந்தது. டாக்டரின் கண்காணிப்பில் காத்திருப்பது பாதுகாப்பானதுதான் என்று அந்த ஆய்வு காட்டியது.

அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. 10 வருஷத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் எப்படியும் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். முக்கியக் காரணம் வலி. அதாவது காத்திருப்பதால் ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பெரும்பாலும் தப்பிக்க முடியாது.

அதனால் இந்த முடிவில் ஆளின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் இருக்கும், வலியில்லாத 70 வயதுக்காரர் காத்திருக்கலாம். கடலில் பல நாள் தங்கும் மீனவர், வடமாநிலங்களுக்கு லாரி ஓட்டிப் போகிறவர், வளைகுடா நாட்டுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர், தினமும் மூட்டை தூக்குகிறவர் ஆகியோர் உடம்பு நன்றாக இருக்கும்போதே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனில் ரிஸ்க் மிகக் குறைவு. அவசரத்தில், குடல் நெரிபட்ட நிலையில் செய்வதில் அப்படி இல்லை.

பெண்களுக்கு இந்தக் காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு வரும் வீக்கம், சற்றுக் கீழே தொடைப்பக்கம் வரும் ஃபெமோரல் ஹெர்னியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் வாசல் ரொம்பக் குறுகல், அதனால் குடல் நெரிபடும் அபாயமும் கூடுதல். வெளியே பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். 'இது ஆம்பளைங்களுக்கு வர்றது' என்று நினைத்துப் பெண்கள் சொல்லாமலேயே விடுவது இன்னும் சிக்கல். தொடை இடுக்கில் வீக்கம் தெரிந்தால் பெண்கள் சீக்கிரமே சர்ஜனைப் பார்க்க வேண்டும்.

பெல்ட் பற்றி: ஹெர்னியா பெல்ட் வீக்கத்தை அமுக்கிப் பிடிக்கும், குணப்படுத்தாது. ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காதவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். குடல் வெளியே இருக்கும்போதே மேலே இறுக்கிக் கட்டினால் கெடுதல்தான்.

குழந்தைக்கு வந்தா?

இங்கே விதியே வேறு. நிறை மாதத்தில் பிறந்த குழந்தைகளில் 100-க்கு 1 முதல் 5 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் அதைவிடப் பல மடங்கு பேருக்கும் குடலிறக்கம் வருகிறது. குழந்தை அழும்போது மட்டும் புடைக்கும். டாக்டரிடம் கொண்டுபோகும்போது சமர்த்தாகத் தூங்கும், எதுவும் தெரியாது. வீக்கம் தெரியும்போதே மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் டாக்டருக்குப் பெரிய உதவி.

பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் தொப்புள். தொப்புளில் வரும் புடைப்பு பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். அதே நம்பிக்கையில் தொடை இடுக்கு வீக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. அது தானாக மூடாது, கைக்குழந்தைகளுக்குக் குடல் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் பெரியவர்களைவிட அதிகம். பெண் குழந்தை என்றால் உள்ளே சினைப்பை வந்து மாட்டியிருக்கலாம். அதனால் கண்டுபிடித்ததும் அதிகம் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்கிறார்கள். குழந்தைக்கு வலை வைப்பதில்லை, திறந்திருக்கும் பையைக் கட்டிவிடுவதோடு முடிந்துவிடும்.

ஆபரேஷன்ல என்ன செய்வாங்க? அந்த 'நெட்' எதுக்கு?

1880-களில் இத்தாலியின் படுவா நகரில் எடோவார்டோ பாசினி, பலவீனமான இடத்தின் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல தலைமுறைக்கு அதுதான் வழி. ஆனால் இழுத்துத் தைத்த இடம் நாளடைவில் விட்டுக்கொடுக்கும். கிழிந்த துணியை இழுத்துத் தைத்தால் தையல் ஓரத்திலேயே மறுபடி கிழியும் அல்லவா? 1980-களில் லாஸ் ஏஞ்சலஸில் இர்விங் லிக்டென்ஸ்டைன், இழுக்காமல் மேலே ஒரு வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். துணிக்கு ஒட்டுப்போடுவது மாதிரி. ஹெர்னியா திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. இன்று பெரியவர்களுக்கு வலை வைப்பதுதான் வழக்கம்.

வலை பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் நூலால் ஆனது. அரிசி மூட்டைச் சாக்கு எந்தப் பிளாஸ்டிக்கோ அதே குடும்பம். உடம்பு அதன் கண்ணிகளுக்குள் திசுவை வளர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு எடுக்க வேண்டியதில்லை.

இதில் இந்தியாவின் பங்கு சுவாரஸ்யமானது. மகாராஷ்டிராவின் தொண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், விலை உயர்ந்த மெஷ்ஷுக்குப் பதிலாக, முறைப்படி கிருமி நீக்கம் செய்த கொசுவலைத் துணியைப் பயன்படுத்திக் காட்டினார். முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் கொசுவலைத் துணியையும் கம்பெனி மெஷ்ஷையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்து இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. விலை அதிகமான மெஷ் என்றால் ரிசல்ட் அதிகம் என்று நினைக்கும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வலையை வைக்க இரண்டு வழி. திறந்த முறையில் தொடை இடுக்குக்கு மேலே ஒரு சின்ன வெட்டு. முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ நடத்தலாம். இதயக் கோளாறு உள்ள முதியவர்களுக்கு இது பெரிய வசதி. லேப்ராஸ்கோபியில் மூன்று சின்னத் துளைகள், முழு மயக்கம், வலை உள்பக்கமாக வைக்கப்படும். வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தாலோ, திறந்த முறையில் செய்தது திரும்ப வந்திருந்தாலோ, பெண்களுக்கோ லேப்ராஸ்கோபி பொருத்தம். ஏற்கெனவே ப்ராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர்களுக்குத் திறந்த முறையே சுலபம். எதைச் செய்தாலும், அதைத் தினமும் செய்து கை பழகிய சர்ஜன் செய்வது முக்கியம்.

ஆபரேஷனுக்கு அப்புறம்?

பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். விதைப்பை கொஞ்சம் வீங்கி நீலம் பாரிப்பது சகஜம், இறங்கிவிடும். வயதான ஆண்களுக்கு முதல் நாள் சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளலாம், உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். இருமும்போது கையால் அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்தால் வலி குறையும். படுத்தே இருக்கத் தேவையில்லை, முதல் நாளே எழுந்து நடப்பது நல்லது. பைக் ஓட்ட, சட்டென்று பிரேக் பிடித்தால் வலிக்காத நிலை வரவேண்டும். கிக்கர் உதைப்பதைக் கொஞ்ச நாள் வேறு யாரிடமாவது விட்டுவிடலாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடுகிறார்கள். கனமான மூட்டை தூக்குபவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் டாக்டர்கள் ஓய்வு சொல்வது வழக்கம்.

கூச்சத்தில் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. தாம்பத்தியம் பாதிக்குமா? பாதிக்காது. வலி அடங்கியதும் வழக்கம்போல இருக்கலாம். விதைக்குப் போகும் ரத்தக்குழாய் பாதிக்கப்படுவது அரிது.

நல்லதை மட்டும் சொல்லி அனுப்புவது சரியாகாது. ஆபரேஷன் ஆனவர்களில் 10 பேரில் ஒருவர் அளவுக்கு, மூன்று மாதம் கழித்தும் தொந்தரவு தரும் வலி இருப்பதாகச் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தப் பகுதியில் ஓடும் நரம்புகள் காரணம். பெரும்பாலானவர்களுக்கு நாளாக ஆகக் குறையும். 100-ல் சிலருக்கு ஹெர்னியா திரும்பவும் வரலாம். முன்கூட்டியே சர்ஜனிடம் இதைக் கேட்பதில் தப்பில்லை.

செலவுக்கு என்ன வழி?

அரசு மருத்துவமனைகளில் இது அன்றாடம் நடக்கும் ஆபரேஷன், கட்டணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள், தனியார் மருத்துவமனையை யோசித்தால், தங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் அங்கே திட்டத்தில் வருமா என்று காப்பீட்டு கவுன்ட்டரில் முதலிலேயே எழுதி வாங்குவது நல்லது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது காத்திருப்புக் காலம். பல பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு முதல் 2 வருஷம் க்ளைம் கிடைக்காது. வீக்கம் வந்த பிறகு பாலிசி எடுத்து, அதை மறைத்தால் பின்னால் நிராகரிக்கப்படவும் வாய்ப்புண்டு.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப்போட வேண்டாம். எந்தப் பக்கம், எந்த முறை, எந்த வலை என்பது அதில் இருக்கும். ஹெர்னியா திரும்ப வந்தால், முன்பக்கமாகச் செய்தவருக்கு அடுத்த முறை உள்பக்கமாகவும், உள்பக்கமாகச் செய்தவருக்கு முன்பக்கமாகவும் போவதுதான் வழக்கம். அந்தக் காகிதம் இல்லாமல் அடுத்த சர்ஜன் தழும்பைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும்.